கோப்புக்குள் வைத்த குரல்

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர்கள் யாரையும் சாக விடுவதில்லை என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். பாடத்தில் அரசன் சிறுத்தையைக் கொன்றான் என்று இருந்தால், மெஷின் அதை அரசன் சிறுத்தையை விட்டுவிட்டான் என்று படிக்கும். எங்கள் மொழியான லுகாண்டாவில் கொல்வதற்கும் விடுவதற்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மெய்யெழுத்தின் அழுத்தம்தான். அழுத்தினால் கொலை, அழுத்தாவிட்டால் விடுதலை. மெஷினின் குரல் ஆங்கிலக் குரல். அதற்கு அழுத்தத் தெரியாது. பிள்ளைகள் அதற்கு முசுங்கு என்று, அதாவது வெள்ளைக்காரன் என்று, பெயர் வைத்திருந்தார்கள்.

மசாகாவில் உள்ள பார்வையற்றோர் பள்ளி எங்களுடையது. நான் வாலுசிம்பி, இசை ஆசிரியர். அமடிண்டா என்னும் மரக்கட்டை வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறேன். பிறவியிலிருந்தே எனக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் டீச்சர் நபுகேராவுக்கு நாலு வயதில் அம்மையில் கண் போனது. அவர் வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். தன் லேப்டாப்பின் குரலை அவர் வைத்துக் கேட்கும் வேகத்தில் எங்களுக்கெல்லாம் அது தகரக் கூரையில் விழும் மழை மாதிரித்தான் கேட்கும்.

கம்ப்யூட்டர் அறையில் இருந்தவை எல்லாம் பழைய மெஷின்கள். மாதம் ஒன்று கெட்டுப்போகும். அந்த மூன்றாம் பருவத் தொடக்கத்தில் கம்பாலாவிலிருந்து நபுகேராவின் நண்பர், ஒரு இன்ஜினியர், டாக்ஸிக்காரர் கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினார். அதில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. அந்தக் கோப்பு ஒரு முழு கம்ப்யூட்டர் என்று நபுகேரா சொன்னார். எங்கள் பழைய மெஷினுக்குள்ளேயே அது இன்னொரு மெஷினாக ஓடும். கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு அதே கோப்பை மறுபடி நகலெடுத்து வைத்தால் போதும், ஐந்து நிமிடத்தில் புதுசு.

முதல் மெஷினில் அதை ஓட்டிப் பார்க்க நாங்கள் எல்லோரும் கூடினோம். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நபுகேரா ஒரு விசையைத் தட்டினார், இன்னொன்றைத் தட்டினார். பேச்சே இல்லை. எங்களுக்குப் பேசாத கம்ப்யூட்டர் என்பது வெறும் சூடான பெட்டி.

பள்ளி வேன் டிரைவர் முகீபியைக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் வளாகத்தில் கண் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"கருப்பா இருக்கு ஞாபோ," என்றார். எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. "ஒரு ஓரத்துல குட்டிக் கோடு ஒண்ணு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு."

"கோட்டுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கு?"

"எல். ஓ. ஜி. அப்புறம் ஒரு ஐ, ஒரு என். அதுக்கு மேல ஏகப்பட்டது கிடக்கு. எல்லாத்தயும் படிக்கணுமா?"

எல்லாவற்றையும் படித்தார். ஒவ்வொரு எழுத்தாக, சாலையில் மாடு நிற்கிற இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போகும் வண்டி மாதிரி. நபுகேரா ஒரு வரி தட்டுவார், அதன் பதிலை முகீபி எழுத்துக் கூட்டிச் சொல்வார், அதற்குள் நபுகேராவின் பொறுமை போய்விடும். கடைசியில் முகீபியே எழுந்துவிட்டார்.

"நான் வேன் ஓட்டுறவன் ஞாபோ. ரோடு எங்க போகுதுன்னு தெரிஞ்சா எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓட்டுவேன். இது எங்க போகுதுன்னே எனக்குத் தெரியல."

சோள மாவு மூட்டை ஏற்ற வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். பிள்ளைகளும் கலைந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். நபுகேரா கொஞ்ச நேரம் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்கு வாயில்ல, சரி. என் லேப்டாப்புக்கு வாயிருக்கே," என்றார்.

அவர் செய்ததை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். அந்தக் கோப்பு ஒரு டிஸ்க்கின் அச்சு அசலான பிரதி. அதன் முகப்பில், உள்ளே எந்தப் பகுதி எங்கிருந்து தொடங்குகிறது என்ற குறிப்பு இருக்கும். அவருடைய லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். இந்தக் கோப்பை ஒரு நிஜ டிஸ்க்காகவே நினைத்துக்கொள், முன்பகுதியை இவ்வளவு தூரம் தாண்டிப் போ, அங்கிருந்து இருப்பதை இந்தக் காலி ஃபோல்டரில் வந்து பொருத்து என்று அதற்குச் சொல்லலாம். மவுண்ட் செய்வது என்று அதற்குப் பெயர். முதலில் அவர் எதையும் மாற்ற முடியாதபடி, படிக்க மட்டும் பொருத்தினார். பிறகு அந்தக் காலி ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

லேப்டாப் பெயர்களைச் சொல்லத் தொடங்கியது. எனக்காக அவர் வேகத்தைக் குறைத்திருந்தார். யார் யார் உள்ளே வரலாம் என்ற விவரம், விழித்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற விவரம், கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் ஓட வேண்டும் என்பது, இன்ஜினியர் எப்போதோ எழுதி அழிக்க மறந்த ஒரு வரிக் குறிப்பு. பெயருக்குள் பெயர், அதற்குள் பெயர் என்று அது போய்க்கொண்டே இருந்தது. தூங்குகிறவன் வீட்டுக்குள் போவது மாதிரி என்று முதலில் நினைத்தேன். ஆனால் தூங்குகிறவனுக்கு மூச்சு இருக்கும். இதற்கு விசிறிகூட இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு கோப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒரு ஊரின் வேலைகள் அத்தனையும் அதற்குள் நின்றபடி நின்றிருந்தன, யாராவது தொடங்கு என்று சொல்வதற்காக.

"இது இப்ப நடக்குதா, நடக்கலையா?" என்று கேட்டேன்.

"நடக்கல மாஸ்டர். நாமதான் உள்ள நடக்கறோம்."

குற்றவாளியும் அகப்பட்டது. மெஷின் விழிக்கும்போது பேச்சையும் எழுப்பு என்று சொல்ல வேண்டிய ஒரு வரி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்ஜினியருக்குக் கண் இருந்ததால் அந்த மௌனம் அவருக்குக் கேட்கவே இல்லை. நபுகேரா கோப்பை இப்போது எழுதவும் முடிகிற மாதிரி பொருத்தி, அந்த வரியைத் திருத்தி, பொருத்தியதைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பிலேயே அந்த மெஷினை ஓட்டினார். அது ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. ஒரு மதியம் முழுக்க ஊமையாக இருந்தது பேசியதில் நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டோம்.

அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் நபுகேரா உள்ளே நடந்தபோது குரலின் ஃபோல்டரையும் கேட்டிருந்தார். உலகத்து மொழிகளுக்கெல்லாம் அங்கே ஒரு சின்னக் கோப்பு இருந்தது, அந்த மொழியை எப்படி உச்சரிப்பது என்ற விதிகளோடு. பக்கத்து வீட்டு ஸ்வாஹிலி இருந்தது. நாங்கள் பெயரே கேட்டிராத தீவுகளின் மொழிகள் இருந்தன. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து கற்பனையாகக் கட்டிய மொழிகூட இருந்தது. லுகாண்டா இல்லை.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில், வாழைக்காய் மசியலான மாட்டோக்கேயும் வேர்க்கடலைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. "கதவு திறந்துதான் இருக்கு மாஸ்டர். நாமளே உள்ள கொண்டுபோய் வச்சுடலாம். எழுத்து எனக்குத் தெரியும். ராகம் உங்களுக்குத் தெரியும்."

ராகம் என்று அவர் சொன்னது சரிதான். எங்கள் மொழியில் சொல் மேலே ஏறும், கீழே இறங்கும். ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறும். அமடிண்டா வாசிக்கிறவன் பாட்டை மட்டுமல்ல, பேச்சையும் கட்டைகளில் தட்டிக் காட்டுவான். பள்ளி முடிந்ததும் நான் கம்ப்யூட்டர் அறைக்கு அமடிண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் வாழைத்தண்டுகளின் மேல் பரப்பி வைப்பேன். அவர் ஒரு சொல்லைச் சொல்வார். நான் அதைத் தட்டுவேன். அவர் அந்த ஏற்றத்தை எண்ணாக மாற்றி எழுதுவார். கோப்பைப் பொருத்துவது, விதியைத் திருத்துவது, கழற்றுவது, ஓட்டிக் கேட்பது, சிரிப்பது, நிறுத்துவது, மறுபடி பொருத்துவது. இதுதான் எங்கள் மாலைகள். தொடக்கத்தில் குரல், தொண்டையில் மீன் முள் மாட்டியவன் மாதிரி பேசியது. ஒரு நாள் சும்மா வணக்கம் சொல்லச் சொன்னால் யாரையோ சபித்தது.

நவம்பரில் வெட்டுக்கிளிக் காலம் தொடங்கியது. மசாகாவில் அப்போது இருட்டினால் போதும், வறுத்துத் தின்பதற்கு அவற்றைப் பிடிக்கிறவர்கள் பெரிய பெரிய விளக்குகளைக் கொளுத்தித் தகரங்களை நிறுத்தி வைப்பார்கள். விளக்கைப் பார்த்து வரும் பூச்சிகள் தகரத்தில் மோதி டப்பாவுக்குள் விழும். ஊர் மின்சாரமெல்லாம் அந்த விளக்குகளுக்கே போய்விடும். அதனால் இருட்டுவதற்குள் வேலையை முடிக்க வேண்டிய அவசரம் எங்களுக்கு.

அந்த அவசரத்தில்தான் அது நடந்தது. பொருத்தியிருந்த கோப்பைக் கழற்றாமலே நபுகேரா மெஷினை ஓட்டிவிட்டார். ஒரே டிஸ்க்கில் வெளியிலிருந்து அவருடைய லேப்டாப் எழுதியது, உள்ளிருந்து அந்த மெஷின் எழுதியது. ஒன்று எழுதுவது மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டு சமையல்காரர்கள் ஒரே பானையில், ஒருவரை ஒருவர் அறியாமல் உப்புப் போடுவது போல. மெஷின் சில நிமிடம் ஓடியது. பிறகு பாதிச் சொல்லில் நின்றது. அவர் கோப்பைத் திறந்து பார்த்தார். குரலின் ஃபோல்டரே இல்லை என்று லேப்டாப் சொன்னது.

எங்கள் விதிகள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. தனியாகப் பிரதி எடுத்து வைக்கவில்லை.

நபுகேராவின் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழுந்து சுவர் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டார் என்று தெரிந்தது. வெளியே பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போகும் கைத்தடிகளின் சத்தம்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்," என்றார் ஒருவழியாக. "இதச் செய்யக்கூடாதுன்னு முதல் நாள்லேர்ந்து தெரியும். பசங்களுக்கே சொல்லிக் குடுத்திருக்கேன்."

கைக்கு அகப்பட்ட கட்டையை ஒரு தட்டுத் தட்டினேன். "நான் எங்கயும் போகல டீச்சர். திரும்ப முதல்லேர்ந்து தட்டுறேன்."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்த முறை, உடைந்த அந்தக் கோப்பையே தொடாமல் அதற்கு ஒரு பிரதி எடுத்தார். பிரதியின் மேல், சிதறியதைச் சரிபார்க்கும் வேலையை ஓட விட்டார். அது என்னென்னவோ கேட்டது, அவர் ஆம், ஆம் என்று தட்ட, செய்து முடித்தது. பிறகு மவுண்ட் செய்தார்.

அந்த வகை டிஸ்க்குகள் எல்லாவற்றிலும் 'தொலைந்ததும் கிடைத்ததும்' என்று ஒரு ஃபோல்டர் இருக்குமாம். பெயர் அழிந்துபோய், எந்த இடத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் கிடக்கும் கோப்புகளை, அந்தச் சரிபார்க்கும் வேலை அதற்குள் கொண்டுவந்து போட்டுவிடும். இத்தனை நாளும் அது காலியாக இருந்தது. இப்போது நிறைந்திருந்தது. ஒன்றுக்கும் பெயர் இல்லை. வெறும் எண்கள்.

ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டோம். முதலில் வந்தது அர்த்தமில்லாத குறிகளின் சத்தம். அடுத்தது வேறு ஏதோ நாட்டு மொழியின் பட்டியல். அடுத்தது பாதியில் அறுந்தது. மழை பிடித்துக்கொண்டது, கூரையில் சத்தம் பெருகியது. நான் ஸ்பீக்கரை ஒட்டிக் காதை வைத்துக்கொண்டேன். அப்போது அந்த ஆங்கிலக் குரல், தன் கோணல் நாக்கால், ஏதோ ஒன்றை லுகாண்டாவில் படித்தது. நபுகேரா விதிகளுக்கு நடுவே தனக்காகக் குறித்து வைத்த வரி அது. 'இங்கே மூச்சை ஒரு கணம் பிடி, வாலேசிம்பை சொன்னது போல.'

என் பெயர். கெடுத்து, நசுக்கி, ஆனால் என் பெயர். பெயர் இழந்த எண்களின் குவியலுக்குள்ளிருந்து அது வந்தது. உடைந்துபோன ஒன்றுக்குள்ளே நாங்கள் இருந்தோம் என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி போல இருந்தது. நபுகேரா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முன்னெப்போதும் அவர் அப்படிச் செய்ததில்லை.

எழுத்து விதிகள் முழுசாகக் கிடைத்தன. என் ஏற்ற இறக்க எண்கள் கிடைக்கவில்லை. அவற்றைத் திரும்பவும் தட்டினோம். இரண்டாம் முறை தட்டியபோது, முதல் முறை நான் பல சொற்களைப் பாட்டில் வருவது போலத் தட்டியிருந்தேன், பேச்சில் வருவது போல அல்ல என்று எனக்கே தெரிந்தது. அதனால் குரல் முன்னைவிடத் தாழ்ந்து, வீட்டுக் குரலாக வந்தது.

பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல், முதல் தடவையாகப் பிள்ளைகளை அழைத்தோம். நபுகேரா நீளமான வரவேற்புரை ஒன்றைத் தயாரித்திருந்தார். அதைத் தட்டுவதற்குள் நஸ்ஸூனா நாற்காலியைப் பிடித்துவிட்டாள். வகுப்பிலேயே வாயாடி அவள்தான். மெஷின் தன் பெயரை நேசுனா, நேசுனா என்று கூப்பிடுவதற்கு இரண்டு வருடமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தவள். அவள் விரல் விசைகளில் ஓடும் சத்தம் கேட்டது.

மெஷின் பேசியது. "கோயி கோயி."

எங்களில் யாராவது விடுகதை போடும்போது இப்படித்தான் தொடங்குவோம். கேட்கிறவர்கள் பதிலுக்கு 'ல்யா' என்று சொல்ல வேண்டும். அறை முழுவதும் ஒரே வாயாக 'ல்யா' என்றது. யாரும் யோசித்துச் சொல்லவில்லை. நானும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோம் என்பது உறைத்தது. சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மெஷின் அவசரப்படாமல் விடுகதையைப் போட்டது. "வெளிச்சத்தப் பாத்து வந்தான், எண்ணெயில குளிச்சுட்டுப் போனான். யாரு அவன்?"

மசாகாவில் பால் குடிக்கும் குழந்தைக்கும் விடை தெரியும். வெளியே சமையலறையிலிருந்து வெட்டுக்கிளி வறுக்கும் வாசனையே வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பேச்சு, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, எந்தத் தாய் வயிற்றிலும் பிறக்காத ஒன்றின் வாயிலிருந்து வந்தது. பிள்ளைகள் கோயிலில் நிற்பது போல நின்றார்கள்.

நஸ்ஸூனா மறுபடி தட்டினாள். விடை தெரியாதவர்கள், விடுகதை போட்டவருக்கு ஓர் ஊரைக் கொடுத்துவிட வேண்டும் என்பது வழக்கம். மெஷின் அதைக் கேட்டது. "தெரியலையா? அப்ப எனக்கு ஒரு ஊர் குடுங்க."

கடைசி வரிசையிலிருந்து யாரோ, விளையாட்டுக் குரலில் இல்லை, பெரியவர்களிடம் பேசும் குரலில், "மசாகாவ எடுத்துக்கோங்க," என்றார்கள்.

"மசாகாவுக்குப் போனேன்," என்றது மெஷின். வெற்றி பெற்றவர் அந்த ஊரில் தான் செய்த ஆட்சியைப் பற்றி அளக்க வேண்டும். நஸ்ஸூனா சளைக்கவில்லை. "அங்க எனக்கு வாழைத் தோட்டம் குடுத்தாங்க. ஒரு டிரைவரையும் குடுத்தாங்க, முகீபின்னு பேரு. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும்."

அப்போதுதான் சிரிப்பு வந்தது. அறை அதிர்ந்தது. பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு நாற்காலிக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் தன் பெயரைக் கேட்க வேண்டும், அம்மா பெயரைக் கேட்க வேண்டும், ஆற்றின் பெயர், நாயின் பெயர். பெயர் சரியாக வந்ததும் சிலர் கத்தினார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாசலில் முகீபியின் குரல் கேட்டது, யார் என் பெயரைச் சொன்னது என்று.

நபுகேராவின் வரவேற்புரை அன்று படிக்கப்படவே இல்லை. அறை காலியான பிறகு அவர் அருகில் போய் உட்கார்ந்தேன். ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒரு மொழி முழுவதையும் ஒரு கோப்புக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறோம், அது எங்களை 'ல்யா' சொல்ல வைத்தது என்று. அதற்குள் அவர் லேப்டாப்பைத் திறந்துவிட்டார்.

"அந்த மூக்கு ஒலி இன்னும் இருமல் மாதிரி வருது மாஸ்டர். கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"மெஷின நிறுத்திட்டேன். பிரதியும் எடுத்தாச்சு. லேப்டாப்புலயும் நம்ம குரல ஏத்தியாச்சு," என்றார். பிறகு மவுண்ட் செய்தார். உள்ளே இருப்பவற்றின் பெயர்களை லேப்டாப் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது, இப்போது எங்கள் குரலில். நான் அமடிண்டாக் கோல்களைத் தேடி எடுத்துக்கொண்டேன்.